மலையில் வீட்டிலேயே கார் ஆயில் மாற்றலாமா? நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் சொந்தக் கார் வைத்துக்கொண்டு, "ஆயிலை நாமே மாத்திக்கலாமே" என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது. வீடியோக்களில் காட்டுகிற வேலைதான் நமக்கும். போல்ட்டைக் கழற்று, வடி, ஃபில்டரை மாற்று, புதுசை ஊற்று. மலையில் இடிப்பது அந்த வேலைக்கு முன்னாலும் பின்னாலும் வருகிற இரண்டு விஷயங்கள். காரை நிறுத்தச் சமதரை கிடைப்பதில்லை. வடித்த ஆயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கொஞ்சம் கூடுதல் இடம்.

வீட்டில் மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

கூலி மட்டும்தான். முதல் தடவை ஸ்பேனர், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டு என்று வாங்கப்போனால் அந்தக் கூலியும் அதிலேயே கரைந்துவிடும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. என்ன கிரேடு ஊற்றினார்கள், எத்தனை லிட்டர் போனது, ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா என்பதெல்லாம் உங்கள் கண்ணெதிரே நடக்கும். சீசன் நேரத்தில் டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப்பில் வரிசைகட்டி நிற்கவும் வேண்டாம்.

வாரண்டி ஓடுகிற கார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள். நாளைக்கு என்ஜினில் ஏதாவது ஆனால் அவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் பதிவைத்தான்.

மலையில் ஓடும் காருக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. கையேட்டில் இன்னொரு பக்கமும் இருக்கும், யாரும் புரட்டுவதில்லை: கடினமான ஓட்டம் என்றால் அந்தக் கெடு பாதியாகக் குறையும் என்று அதில் போட்டிருப்பார்கள். நாம் பலர் அந்தப் பட்டியலில்தான் வருகிறோம்.

ஆனால் காரணம் எல்லோரும் நினைக்கிற ஏற்றம் அல்ல. மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவருகிற என்ஜின் கஷ்டப்படுகிறது, உண்மைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் கார் அந்த அளவுக்கு இழுவை இழந்து, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்க வைக்கும். அப்படியும் என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடுகிற வரை ஆயிலுக்கு அது பெரிய துன்பமில்லை. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு பர்லியார் இறங்குவதும் ஆயிலைக் கெடுக்காது. அந்த நேரத்தில் இப்போதைய என்ஜின்களுக்குள் எரிபொருளே போவதில்லை.

ஆயிலைக் கெடுப்பது குட்டிக் குட்டி ஓட்டம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், மதியம் மார்க்கெட், சாயங்காலம் மறுபடி பள்ளி. குளிரில் கிளம்பி, என்ஜின் சூடாகும் முன்னே நிறுத்திவிடுகிறோம். எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் வழிந்து சேர்கிறது. வாராவாரம் கூடலூரிலிருந்து மைசூர் போய்வருகிற காரின் ஆயில், வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஊருக்குள் ஓடுகிற காரின் ஆயிலைவிட நல்ல நிலையில் இருக்கும். இரண்டாவது ரகம் நீங்கள் என்றால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். கடினமான ஓட்டத்துக்குக் கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கெடுவைத் தாண்டக் கூடாது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளுப்பாக, மோர் திரண்ட மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, அது போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கும். குளிர்காலத்தில் நம் ஊரில் அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்ன நீராவி, என்ஜினிலேயே சில்லென்று இருக்கிற இடமான அந்த மூடியில் படிந்து, ஆயிலோடு கலந்து வெளுத்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும் நாட்களில் இது சர்வசாதாரணம்.

உறுதிசெய்ய, துணியால் மூடியைத் துடையுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஸ்டிக்கில் ஆயில் வழக்கமான நிறத்தில் தெளிவாக இருந்தால், ஒரு நாள் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறிவிட்டு வந்து மூடியை மறுபடி பாருங்கள். சுத்தமாக இருந்தால் விஷயம் முடிந்தது. ஸ்டிக்கிலேயே வெளுத்த ஆயில் வந்தாலோ, கூலன்ட் அளவு இறங்கிக்கொண்டே போனாலோ, சைலன்ஸரில் என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, அப்போது மெக்கானிக்கிடம் போங்கள். அந்த நிலையில் புது ஆயில் ஊற்றுவது வீண்செலவு.

ஊட்டிக் குளிருக்கென்று தனி ஆயில் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதில் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. 15டபிள்யூ ஆயிலையே மைனஸ் 20 டிகிரியில் சோதித்துத்தான் அந்தப் பெயர் கொடுக்கிறார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. அவலாஞ்சியில் எவ்வளவு உறைந்தாலும் அந்தப் பக்கமே போகாது. கீழே கோயமுத்தூர் வெயிலுக்குப் போகும்போது ஆயில் நீர்த்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். தெர்மோஸ்டாட் என்ஜினை எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும்.

கையேட்டில் எந்தக் கிரேடு போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால், காலைக் குளிரில் கிளம்புகிற நமக்கு முதல் எண் சின்னதாக இருப்பது நல்லது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மேலே போய்ச்சேர ஆகும் நேரம் அதில் குறையும். "மலை ஏறுற வண்டி, கெட்டியா ஊத்துங்க" என்று கடையில் சொல்வார்கள். 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜும் போகும், வால்வ் பக்கம் ஆயில் நேரத்துக்குப் போகாது.

பைக் ஆயில் மிச்சமிருக்கிறது, ஊற்றலாமா?

கூடாது. அது கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைகிற வண்டிக்குச் செய்தது.

என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆயில், ஃபில்டர், ஆயில் வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். வாஷர் சல்லிக் காசுதான், ஆனால் மலையில் எல்லாக் கடையிலும் உங்கள் காருக்கானது இருக்காது. ஃபில்டர் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். போலி ஃபில்டர்கள் நிறைய சுற்றுவதால் கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் வாங்குவதே நிம்மதி. போல்ட் பெரும்பாலும் 14 அல்லது 17 நம்பர். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ எடுத்துக்கொள்ளுங்கள், வாய் திறந்த ஸ்பேனர் தலையை மழுக்கிவிடும். ஃபில்டர் ரெஞ்ச், அகலமான தொட்டி, புனல், ரப்பர் கையுறை, பழைய துணி. சில கார்களில் என்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதன் கிளிப்புகளைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர்.

எங்கள் வீட்டில் சமதரையே கிடையாது. வாசலே சரிவு. என்ன செய்வது?

மலையில் முக்கால்வாசி வீடுகளின் கதை இதுதான். இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்காதவர்கள் தயவுசெய்து ஜாக்கியைத் தொடாதீர்கள்.

முதலில் எது சரிவு என்று பாருங்கள். கண் ஏமாற்றும், சுற்றிலும் எல்லாம் சாய்ந்திருக்கும்போது கொஞ்சம் சாய்வு சமம் போலத் தெரியும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியைத் தரையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரிக்குள் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் வேறு இடம் தேடுங்கள். ஹட்டியில் (படுகர் ஊரில்) கோயில் முன்னால் உள்ள களம், சொந்தக்காரர் வீட்டு ஷெட், யாராவது கார் நிறுத்தச் சிமென்ட் போட்ட இடம். கேட்டால் தருவார்கள், ஒரு மணி நேர வேலைதானே. ஆயில் சொட்டு ஒன்றுகூட விடாமல் திருப்பிக் கொடுங்கள், அடுத்த தடவையும் தருவார்கள்.

ஆயிலை வடிப்பதற்குத் தரை துல்லியமான மட்டமாக இருக்கத் தேவையில்லை. பல கார்களில் ட்ரெயின் போல்ட், என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பின் பின்பக்கம் இருப்பதால் முன்பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றால் இன்னும் நன்றாக வடியும். மட்டம் தேவைப்படுவது இரண்டு விஷயத்துக்கு: கார் உங்கள்மேல் உருளாமல் இருக்க, கடைசியில் ஸ்டிக்கில் அளவு பார்க்க.

இடமே அமையாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஆயில் ஸ்டிக் போகும் குழாய் வழியாக மெல்லிய ட்யூபை விட்டு மேலிருந்தே ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்ப் கிடைக்கிறது. காரைத் தூக்கவே வேண்டாம். அடியில் கொஞ்சம் தங்கிவிடும் என்பது குறை. ஃபில்டரும் மேலிருந்து கைக்கு எட்டும் காராக இருந்தால் சரிவில் வீடு இருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஃபில்டர் அடியில் இருந்தால் இந்த வழி பாதிதான் உதவும்.

காரோடு வந்த ஜாக்கி போதாதா?

அது ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அதை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் தலையை விடக் கூடாது, சமதரையிலும் கூடாது. ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்குங்கள், அல்லது முன் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ரேம்ப் வாங்குங்கள். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான பலகை. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மண் ஊறிப்போயிருக்கும், பலகை போட்டாலும் இறங்கும். அந்த மாதங்களில் சிமென்ட் தரை இல்லாமல் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று. நம்முடைய சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. "கியரில் போட்டிருக்கேன், நகராது" என்பார்கள். முன்பக்கத்தில் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழுந்தாலே கியர் காரைப் பிடித்து நிறுத்தாது, அந்தச் சக்கரம் சும்மா சுற்றும். மிச்சமிருப்பது ஹேண்ட்பிரேக் பிடிக்கும் பின்சக்கரங்கள் மட்டும். அதனால் இரண்டு பின்சக்கரத்துக்கும், முன்னும் பின்னும், நல்ல கட்டை கொடுங்கள். உருண்டைக் கல் வேண்டாம். ஸ்டாண்டில் உட்கார்த்திய பிறகு காரைத் தோளால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பொலேரோ மாதிரி உயரமான வண்டிக்காரர்கள் தூக்காமலே கை எட்டும். கொடுத்துவைத்தவர்கள்.

ஆயில் சூடாக இருக்கும்போது வடிக்கணுமா, ஆறிய பிறகா?

வெதுவெதுப்பாக. ஓட்டிவந்த உடனே என்றால் 90 டிகிரிக்கு மேல் இருக்கும், கை வெந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற கார் என்றால் ஆயில் கெட்டியாகி மெதுவாக வடியும், அழுக்கு அடியிலேயே தங்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒரு பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.

போல்ட்டைக் கழற்றும்போது என்ன கவனிக்கணும்?

மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டு வாருங்கள், காற்று புகுந்தால் சீராக வடியும். ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தியதும் மீதியைக் கையால் திருப்புங்கள். கடைசி மரை வரை போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றினால் ஆயில் கசியாது. பிறகு சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். ஆயில் நேர்க்கீழே விழும் என்று நினைத்துத் தொட்டியை வைப்பார்கள். முதல் வீச்சு ஒரு முழம் தள்ளிப் போய் விழும். கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து தாரை தொட்டியின் மறு ஓரத்துக்கு வரும், அப்போது தொட்டியையும் நகர்த்த வேண்டும். காற்று அடிக்கிற இடத்தில் அந்தத் தாரை நூலாக மெலியும்போது அங்கேயும் இங்கேயும் ஆடும். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், சொட்டுச் சொட்டாக நிற்கட்டும்.

திருப்பிப் போடும்போது புது வாஷர். முதல் சில சுற்று கட்டாயம் விரலால். சம்ப் பல கார்களில் அலுமினியம். கோணலாக ஏறிய போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், பிறகு சம்பையே மாற்றச் சொல்வார்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவு. சின்னக் கார்களில் பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும். முழு பலத்தைக் காட்டுகிற இடம் இது இல்லை.

ஃபில்டர் கழலவே மாட்டேன் என்கிறது.

போன தடவை யாரோ ரெஞ்ச் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். ஃபில்டர் ரெஞ்ச் போட்டால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது கடைசி வழி. தகடு கிழிந்துபோனால் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

கழற்றியதும் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு ரப்பர் சேர்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். என்ஜின் பக்கத்தைத் துடைத்துவிட்டு, புது ரப்பரில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையாலேயே ஏற்றுங்கள். ரப்பர் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று. ரெஞ்ச் வேண்டாம். உள்ளே காகிதத்தை மட்டும் மாற்றுகிற வகை என்றால் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள், பெட்டியிலேயே இருக்கும்.

எவ்வளவு ஊற்றணும்? ஸ்டிக் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று காட்டுகிறதே?

சின்னப் பெட்ரோல் கார்களுக்கு மூன்று லிட்டரை ஒட்டி, டீசலுக்கு அதைவிட அதிகம். உங்கள் காரின் அளவு கையேட்டில் இருக்கிறது. அதில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். நிறுத்திவிட்டு அடியில் போல்ட்டையும் ஃபில்டரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காரைத் தரையில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, உருவிப் பார்த்து, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஸ்டிக்கில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

ஸ்டிக் மாற்றி மாற்றிக் காட்டுவதற்குச் சரிவுதான் காரணம். மூக்கு இறங்கி நிற்கும் காரில் ஆயில் முன்னால் ஓடிவிடும். ஸ்டிக் இருக்கும் இடத்தைப் பொறுத்து அதிகமாகவோ குறைவாகவோ காட்டும். வீட்டு வாசலில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றி, மேல் கோட்டைத் தாண்டியவர்கள் நம் ஊரில் நிறைய. அதிகமான ஆயிலை என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் அடித்து நுரையாக்கும், சீல் வழியாகக் கசியும். சந்தேகமாக இருந்தால் பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். மலையில் நிச்சயமாக மட்டமாக இருக்கும் தரை அங்கேதான்.

டீசல் காரில் மாற்றிய ரெண்டாம் நாளே ஆயில் கருத்துவிட்டதே?

டீசலில் அப்படித்தான், கரி. கவலைப்பட வேண்டியது நிறத்தை இல்லை, அளவை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் உண்டு. அதை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் போகும். ஊருக்குள் குட்டி ஓட்டம் மட்டும் ஓடினால் அந்த எரிப்பு பாதியில் நின்று, டீசல் ஆயிலில் இறங்கும். ஸ்டிக்கில் அளவு தானாக ஏறிக்கொண்டே போனால் அதுதான் விஷயம். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றிவிடுங்கள். இந்தக் கார்களுக்கு வாங்கும் ஆயில் அந்த ஃபில்டருக்கு ஏற்றதா என்று கேனில் பார்த்து வாங்குங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

இதற்கு வழி கண்டுபிடித்த பிறகுதான் போல்ட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. ஒர்க்‌ஷாப்புகள் அதைப் பீப்பாயில் சேர்த்துப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு வந்திருக்கிறது. ஆகவே உங்களுக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ முன்கூட்டியே கேளுங்கள்: "மூணு லிட்டர் பழைய ஆயில் கொண்டுவரேன், பீப்பாயில ஊத்திக்கிறீங்களாண்ணா?" பீப்பாய் வைத்திருப்பவர் பெரும்பாலும் மறுக்க மாட்டார், அவருக்கு அது காசு. கூடவே, அவர் யாரிடம் கொடுக்கிறார் என்றும் கேளுங்கள். அடுப்பெரிக்க வாங்கிப் போகிறவர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை என்பதால் காலி பாட்டில் தேடி அலைய வேண்டாம், புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்து ஊற்றுங்கள். ஆயிலைக் கொடுத்த பிறகு அந்தக் கேனைக் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள காலி கேன்தான் போலி ஆயில் அடைப்பவருக்கு வேண்டியது. பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, ஆயிலோடு சேர்த்தே கொடுங்கள். கூலன்ட்டையோ பெட்ரோலையோ அந்த ஆயிலில் கலக்காதீர்கள், கலந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஓடையில், சாக்கடையில், தேயிலைக்கு நடுவில் குழி தோண்டி ஊற்றுவது கூடவே கூடாது. நம் வீட்டுக்குக் கீழே எப்போதும் இன்னொரு வீட்டின் ஊற்று இருக்கிறது. குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது. குந்தாத் தண்ணீர் பில்லூருக்குப் போய், அங்கிருந்து கோவைக்குக் குடிநீராகப் போகிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்குப் பாயும் தண்ணீரும் மேலேயிருந்து வருவதுதான்.

வேலிக் கம்பத்துக்குப் பூசினால் கரையான் வராது என்று பெரியவர்கள் சொல்வார்களே?

சொல்வார்கள், பூசியும் இருக்கிறார்கள். நம் மழைக்கு அது ஒரே பருவத்தில் மண்ணில் இறங்கிவிடும். கடையில் மரத்துக்கென்றே விற்கும் மருந்தை வாங்குங்கள்.

தரையில் சிந்திவிட்டது.

உடனே மரத்தூளோ காய்ந்த மண்ணோ கொட்டி, ஊறியதும் கூட்டி அள்ளி, பழைய ஆயிலோடு கொடுக்கும் பையில் போடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் தரை மட்டும் சுத்தமாகும், ஆயில் ஓடைக்குப் போகும்.

எல்லாம் முடிந்தது. இனி ஏதாவது உண்டா?

சர்வீஸ் விளக்கு வரும் காராக இருந்தால் கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்யுங்கள். தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, ஃபில்டர் எண் நான்கையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, பில்லை அதிலேயே செருகுங்கள். காரை விற்கும்போது கேட்பார்கள். மறுநாள் காலையில் காரை எடுக்கும் முன் நின்ற இடத்தில் குனிந்து சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பங்க்கில் டீசலோ பெட்ரோலோ போடும்போது ஸ்டிக்கை இன்னொரு தடவை உருவிப் பார்த்துவிடுங்கள்.